பட்டறிவு: கை பட்ட அறிவு

"அக்கா, பட்டறிவுன்னா பட்டு பத்தின அறிவா?"

செல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கட்டுரைத் தலைப்பில் அந்தச் சொல் இருந்திருக்கிறது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அப்பா தறி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வெளியே காலை வைத்தால் நூலும் பாவும் சேலையும்தான். அந்தப் பிள்ளைக்குப் பட்டு என்றதும் வேறு என்ன நினைவுக்கு வரும்? தெரியாத சொல்லைப் பிரித்து, தெரிந்த பொருளை அதில் பொருத்திப் பார்த்திருக்கிறாள். பிரித்த இடமும் சரியான இடம்தான்: பட்டு, அறிவு. அந்தப் பட்டு வேறு, இந்தப் பட்டு வேறு, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், இருட்டிவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைத் தானே பட்டு, அதன் வழியாகப் பெறுகிற அறிவு பட்டறிவு. அடுத்தவர் சொல்லிக் கேட்டது கேள்வியறிவு, புத்தகத்தில் படித்தது படிப்பறிவு அல்லது நூலறிவு. இந்த மூன்றிலும் பின்னால் நிற்கும் அறிவு ஒன்றேதான்; அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை முன்னால் நிற்கும் சொல் சொல்கிறது. நம் சொல்லின் வாசல் 'படு' என்ற வினை. சொல்லின் பாரம் முழுக்க அதன் மேல்தான் இருக்கிறது.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடலாம். விடு என்பது விட்டு ஆகிறது. இடு இட்டு ஆகிறது, சுடு சுட்டு ஆகிறது, தொடு தொட்டு ஆகிறது. அதே வழியில் படு, பட்டு ஆகிறது. பட்டு என்பதன் கடைசியில் இருக்கும் உகரம் குற்றியலுகரம். பின்னால் உயிரெழுத்து வந்தால் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். காட்டு, ஆறு சேர்ந்து காட்டாறு ஆவது போலத்தான் பட்டு, அறிவு சேர்ந்து பட்டறிவு ஆகிறது.

ஒரு எச்சரிக்கை. 'பாயில் படுத்தான்' என்பதும் படுதான். ஆனால் அது படுத்து என்று போகும், பட்டு என்று போகாது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் நடை வேறு. நமக்கு வேண்டியது 'அடி பட்டான்' என்பதில் வரும் படு.

சரி, அந்தப் படுவுக்கு என்ன பொருள்? அகராதியைத் திறப்பதற்கு முன்னால் நம் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். "எச்சில் படாமக் குடி." "ஊறுகாய வெயில் படுற எடத்துல வை." "அவன் என் கண்ணுலயே படலை." "யாரோ பேசினது காதுல பட்டுச்சு." "எனக்கு அப்படித்தான் படுது." "பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு." அப்புறம் கஷ்டப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், பயப்படுகிறோம், சந்தோஷப்படுகிறோம். வாசலில் நின்ற வேப்பமரம் காய்ந்துபோனால் "மரம் பட்டுப்போச்சு" என்கிறோம். பழந்தமிழில் மாலையில் இறங்கும் சூரியனுக்குப் படுஞாயிறு என்று பெயர். ஊர் மாட்டை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எழுப்பிய நடுகல்லில் 'பட்டான்' என்று வெட்டியிருந்தால், அவன் அங்கே வீழ்ந்தான் என்று பொருள்.

எச்சில், வெயில், கண், காது, ஆசை, சாவு. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரிகிறது. ஆனால் இவற்றுக்குள்ளே ஓர் இழை ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று வந்து இன்னொன்றைத் தொடுகிறது. தொடப்படுகிற பக்கத்தில் நின்று பேசும் வினை படு. இப்போது 'தொடப்படுகிற' என்று எழுதினேனே, அதிலும் அதுதான் இருக்கிறது. செய்தான் என்பதைச் செய்யப்பட்டது என்று மாற்றும்போது தமிழ் இலக்கணம் கூப்பிடுவது இந்தப் படுவைத்தான். செயப்பாட்டு வினை என்ற பெயருக்குள்ளும் அதே படு, பாடு என்று நீண்டு நிற்கிறது.

அந்தப் 'பாடு' ஒரு பெரிய குடும்பம். பாடுபடு, ஏற்பாடு, ஈடுபாடு, கட்டுப்பாடு, குறைபாடு, தட்டுப்பாடு, வழிபாடு, பண்பாடு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அக்கம்பக்கத்து மொழிகளிலும் சொந்தம் இருக்கிறது. நாம் கஷ்டப்படு என்பதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கஷ்டபடு என்பார்கள், மலையாளத்தில் கஷ்டப்பெடு. கஷ்டம் வடமொழியிலிருந்து வந்தது. அதைத் தாங்கிப் பிடிக்கும் படு, திராவிட மொழிகள் பங்கு போட்டுக்கொண்ட பழைய சொத்து.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வருகிறது. பட்டறிவு என்ற சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோர் மனதில் வருவது அடி. "பட்டாத்தேன்டா புத்தி வரும்" என்று எங்கள் பக்கம் வையாத வீடு கிடையாது. சூடு கண்ட பூனை, தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்று பழமொழிகளும் துணைக்கு நிற்கின்றன. படு என்றால் துன்பப்படு, ஆகவே பட்டறிவு என்றால் துன்பப்பட்டுப் பெற்ற அறிவு என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதிதான். சந்தோஷப்படுவதும் படுதான், கண்ணில் படுவதும் படுதான், கை படுவதும் படுதான். வலியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடுதலை விட்டுவிட்டால், சொல்லின் அடிவாரமே கையைவிட்டுப் போய்விடுகிறது.

தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. ஓரறிவு உயிர் முதல் ஆறறிவு உயிர் வரை அடுக்கிக்கொண்டு போகும். அதன் முதல் அடி: "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே". ஒரே ஓர் அறிவு உள்ள உயிருக்கு இருப்பது உற்றறிவது, அதாவது மேலே பட்டு அறிவது. புல்லுக்கும் மரத்துக்கும் அந்த ஓரறிவு உண்டு என்கிறார் தொல்காப்பியர். நாக்கு, மூக்கு, கண், செவி எல்லாம் அதன் மேல் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. மனம் கடைசியில் வருகிறது. உறு என்பதும் படு என்பதும் பொருளில் ரொம்ப நெருக்கம். 'உற்றது' என்றாலும் 'பட்டது' என்றாலும் நேர்ந்தது என்று பொருள். ஊறு என்றால் தொடு உணர்ச்சியும் உண்டு, காயமும் உண்டு. படுவுக்கும் அந்த இரண்டு பக்கமும் உண்டு. உற்றறிவு, பட்டறிவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தச் சொல் எனக்கு முழுசாகத் திறந்தது. அறிவு தோல் வழியாகத்தான் முதலில் உள்ளே வருகிறது.

வலி இல்லாத பட்டறிவுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பூக்கட்டுவது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவின் பெருமை ஊரறிந்தது. கட்டும் கையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எங்கள் அப்பத்தா கட்டுவார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிசாகக் கிழித்து மடியில் போட்டுக்கொள்வார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே முழுக்கக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். கையில் எடுத்ததும்தான் தெரிந்தது. இறுக்கினால் நார் காம்பை அறுத்துவிடும். தளர விட்டால் முழத்தைத் தூக்கும்போதே மொட்டு உதிரும்.

"எம்புட்டு இறுக்கணும் அப்பத்தா?"

"காம்பு சொல்லும்த்தா."

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அப்போது அது பதிலாகவே தோன்றவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். எத்தனையோ மொட்டு வீணான பிறகு ஒரு நாள், நாரை இழுக்கும்போது காம்பு லேசாக அமுங்கி, அதற்கு மேல் வேண்டாம் என்று எதிர்த்து நிற்பதை விரல் நுனி உணர்ந்தது. அந்த இடத்தில் நிறுத்தினேன். கண்ணி நின்றது. மொட்டு அறவும் இல்லை, உதிரவும் இல்லை. அந்த அளவை இன்றைக்கும் என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது. காலையில் பறித்த மொட்டுக்கு ஓர் இறுக்கம், கொஞ்சம் வாடிய மொட்டுக்கு வேறோர் இறுக்கம். ஆனால் கைக்குத் தெரியும், இருட்டில் கொடுத்தாலும் கட்டிவிடுவேன். அடியும் இல்லை, அழுகையும் இல்லை. காம்பு விரலில் பட்டது, விரல் அறிந்தது.

அடி பட்டு வந்த அறிவும் எங்கள் குடும்பத்தில் உண்டு. சித்தப்பா சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருந்தார். சோழவந்தான் வெற்றிலைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தியை நட்டு, அதில் கொடியை ஏற்றிவிட்டு, நிழலும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பயிர் அது. ஈரம் வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். முதல் வருஷம் சித்தப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கட்டிக்கொண்டே இருந்தார். வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் வேரடியில் தண்ணீர் தேங்கவே கூடாது. வேர் அழுகி, கொடி ஒவ்வொன்றாக வாடிக் கீழே சாய்ந்தது. அந்த வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை. அதற்குப் பிறகு அவர் வாய்மடையைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து, வேரடியில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். உருண்டை பிடித்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது, உதிர்ந்தால் உண்டு. பார்த்தீர்களா, அவரைக் கவனிக்க வைத்தது பட்ட நட்டம். ஆனால் அறிவு வந்து உட்கார்ந்த இடம் உள்ளங்கை. வலி கதவைத் தட்டியது, உள்ளே வந்தது தொடுதல்தான்.

சரி, இதற்கெல்லாம் அனுபவம் என்ற சொல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது வடமொழிச் சொல். 'அனு' என்றால் கூடவே, பின்தொடர்ந்து. 'பவ' என்பது ஆதல், இருத்தல் என்ற பொருளுடைய 'பூ' என்ற வேரிலிருந்து வருவது. ஒன்றோடு கூடவே இருந்து அதை உணர்வது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் 'கூடவே இருத்தல்' நிலப் பத்திரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு காணி கைமாறும்போது 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதுகிறார்களே, அங்கே அனுபவித்தல் என்றால் பாடம் கற்பது இல்லை. நிலத்தில் இருந்து, அதன் பலனைத் தின்பது.

இதனால்தான் அனுபவத்தை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் பட்டறிவை வைக்க முடியாது. இது நான் அடிக்கடி திருத்தும் தவறு. 'கசப்பான பட்டறிவு ஏற்பட்டது' என்று எழுதுகிறார்கள். ஏற்பட்டது கசப்பான அனுபவம். பட்டறிவு அதற்குப் பிறகு வருவது, சில பேருக்கு வராமலும் போவது. அனுபவம் நடந்ததைக் குறிக்கும். பட்டறிவு, நடந்தது முடிந்த பின்னால் உள்ளே தங்கியதைக் குறிக்கும். ஒருவருக்கு ஒரே வேலையில் இருபது வருஷ அனுபவம் இருக்கலாம். முதல் வருஷம் செய்த அதே பிழையை இருபதாம் வருஷமும் செய்தால், அனுபவம் இருபது வருஷம்தான், பட்டறிவு வளரவில்லை. தமிழ் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒன்றை விரட்டிவிட்டு இன்னொன்றை உட்கார வைக்க வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை: அந்த வாக்கியத்தில் 'பட்டுத் தெரிந்துகொண்டது' என்று போட்டுப் பாருங்கள். பொருள் நின்றால் பட்டறிவு பொருந்தும். "கோயிலுக்குப் போனது நல்ல அனுபவம்" என்பதில் அது நிற்காது. "மண்ணைப் பற்றி அவருக்கு நல்ல பட்டறிவு" என்பதில் நிற்கும்.

எழுத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு தூக்கல் கிடைத்தது கடந்த நூற்றாண்டில். மறைமலையடிகள் 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, வடசொல் இருந்த இடத்திலெல்லாம் தமிழ்ச் சொல்லைத் தேடும் பழக்கம் பரவியது. அனுபவத்துக்குப் பக்கத்தில் பட்டறிவு அடிக்கடி வந்து உட்கார்ந்தது அந்தக் காற்றில்தான். இன்றைக்கும் பேச்சில் பட்டறிவு என்று பெயர்ச்சொல்லாக யாரும் சொல்வதில்லை. ஆனால் "பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்", "பட்டவனைக் கேளு" என்று வினையாகச் சொல்லாத ஆளே இல்லை. அறிஞர்கள் மேசையில் உட்கார்ந்து புதிதாக வார்த்த சொல் போல இது அந்நியமாக ஒலிக்காததற்குக் காரணம் அதுதான். வினை எப்போதும் தெருவில் இருந்தது.

படிப்பறிவையும் பட்டறிவையும் சண்டைக்கு நிறுத்துவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எடுத்ததும் போட்டு உடைக்கிறார்கள். திருவள்ளுவர் அப்படிப் பிரிக்கவில்லை. அமைச்சு என்ற அதிகாரத்தில், "செயற்கை அறிந்தக் கடைத்தும் உலகத்து இயற்கை அறிந்து செயல்" என்கிறார். செயற்கை என்பதை நூலில் படித்துத் தெரிந்துகொண்ட செயல்முறை என்று உரைகாரர்கள் பொருள் கொள்கிறார்கள். நூல்வழியை அறிந்திருந்தாலும், உலகம் நடக்கிற நடையையும் அறிந்து செய் என்பது பொருள். அந்த 'அறிந்தக் கடைத்தும்' எனக்கு முக்கியம். நூலைத் தூக்கி எறி என்று அவர் சொல்லவில்லை. அதை அறிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்கிறார்.

கல்வியைப் பற்றி அவர் பேசும்போதே உவமைக்கு எடுத்துக்கொள்வது ஒரு கை வேலையைத்தான். "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு." இங்கே தொடு என்றால் தோண்டு. தொடுவதும் தோண்டுவதும் ஒரே சொல்லில் இருக்கிறது, கவனியுங்கள். வைகைக்கரைக்காரர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவைப்பட்டதே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடாத கோடையில் மணலில் ஊற்றுப் பறிப்பது எங்கள் அப்பத்தா காலத்தில் அன்றாட வேலை. அவர் சொல்லுவார்: ஈரமணல் தட்டுப்படும் வரைக்கும் கையால் பறிக்க வேண்டும். முதலில் ஊறுவது கலங்கல். அதைச் சிரட்டையால் மொண்டு வெளியே கொட்ட வேண்டும். திரும்பவும் ஊறும், திரும்பவும் கொட்ட வேண்டும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ அடியில் கிடக்கும் மணல் தெரிகிற அளவுக்குத் தெளியும். அப்போது சிரட்டையைச் சாய்த்து, கலக்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்தக் குறளைச் சொல்லிக்கொடுத்த நாளில் வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் ஒப்பித்தேன். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். கேட்டுவிட்டு, "கலங்கல இறைக்கணும்ங்கிறத அதுல சொல்லலையாக்கும்?" என்றார்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் நான் ஒரே மூச்சில் சொல்லவில்லை. படுவின் பொருளையும் பூக்கட்டும் கதையையும் மட்டும் சொல்லி, பட்டறிவு என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் நோட்டை நீட்டினாள்: 'சத்தம் மாறினால் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று என் அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்வது அவருடைய பட்டரிவு.'

வாக்கியத்தில் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே ஓர் எழுத்தில் மட்டும் சிவப்பு மை வைத்தேன்.

"ரி இல்லடா, றி."

"எதுக்குக்கா? ரெண்டும் ஒரே மாதிரிதான காதுல படுது?"

படுது என்று அவளாகவே சொன்னாள். அரிதல் என்றால் வெட்டுவது, அரிவாள் இருக்குல்ல, அதுக்குச் சின்ன ரி; நமக்கு வேண்டியது அறிதல், அதுக்குப் பெரிய றி என்று சொன்னேன். அந்த எழுத்தை அடித்துவிட்டு, மேலே றி போட்டு, அப்பாவிடம் காட்டுகிறேன் என்று நோட்டோடு ஓடிவிட்டாள்.